இருக்கை நாற்பத்தொன்று

ஆளுக்கு மூன்று. அதற்கு மேல் ஊற்றாதே.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருபது நிமிடம்.
டபுள் கிடையாது.
கையோடு கொண்டுவந்த பாட்டிலைத் திறக்க விடாதே.
நோன்பு மாதத்தில் திரையை இழுத்து மூடு.
மறுக்கும்போது பல் தெரியட்டும்,
சிரிப்பதாக மட்டும் தெரியக் கூடாது.
இந்தக் கடைசி விதியை எங்கும் எழுதி ஒட்டவில்லை.
சூப்பர்வைசர் ஃபாதி
கண்ணாடி முன் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

மனாமா விமான நிலையம், மாடி லவுஞ்ச், இரவு ஷிப்ட்.
முப்பது மில்லி குப்பியில் அளந்து ஊற்றுகிறேன்.
மார்த்தாண்டத்தில் அம்மாவிடம்
கஸ்டமர் சர்வீஸ் என்று சொல்லியிருக்கிறேன்.
பொய்யில்லை.
ஊரில் என்றால் கம்பிக்குள் கை நீட்டுவார்கள்,
பத்து ரூபாய் கூடப் போகும்,
எத்தனையாவது என்று யாரும் எண்ணமாட்டார்கள்.
இங்கே நான் எண்ணுகிறேன்.
எண்ணத்தான் சம்பளம்.

இரண்டேகால் மணிக்கு ஒருவர் வந்தார்.
புதுச் சட்டை. காலருக்குள் வைத்த அட்டையை
எடுக்க மறந்திருந்தார்.
பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியதற்கு
கம்பெனி தந்த பாஸ்.
ரிசப்ஷனில் அதை ஐந்நூறு ரூபாய் நோட்டுபோல
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.
சேவுகமூர்த்தி. திருச்சி விமானம்.
இருக்கை நாற்பத்தொன்று, கழிப்பறை வழிக்கு அருகில்.

"பிராந்தி எவ்வளவும்மா?"
"காசு இல்லண்ணே."
நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.
"அப்ப யாரு கணக்குல எழுதுவீங்க?"
"உங்க கணக்குலதான். மூணு வரைக்கும்."

ஒன்று வாங்கினார். சுடுதண்ணீர் கேட்டார்.
ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும்
உயரத்திலிருந்து சரக்கு இறக்குவதுபோல்
கோப்பையை இறக்கினார்,
மேசைக்குச் சத்தமே தெரியாமல்.

பன்னிரண்டாம் இருக்கைக்கு நான்காவது வேண்டியிருந்தது.
பல் காட்டினேன்.
தங்கநிற அட்டையைத் தூக்கிக் காட்டினார்.
மீண்டும் பல் காட்டினேன்.
"உன் சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியும்" என்று கத்தினார்.
தெரிந்திருக்காது.
தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பார்.

நாற்பத்தொன்று எழுந்து வந்தது.
"ஏம்மா, எம்பேர்ல ரெண்டு பாக்கி கெடக்குல்ல,
அத அவருக்கு ஊத்திரு. எதுக்குச் சண்ட?"

விதிகளை மனதுக்குள் முழுதாக ஓட்டிப் பார்த்தேன்.
இதற்கு ஒன்றும் இல்லை.
தண்ணீர் பாக்கி விடுவதுண்டு, பால் பாக்கி விடுவதுண்டு,
தன் பங்குப் பிராந்தியை
முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதிக்கொடுப்பதை
யார் யோசித்திருப்பார்கள்?

அதற்குள் ஃபாதி வந்தார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
"சார், சார்" என்றார், இம்முறை நிஜச் சிரிப்பு.
அவரே ஊற்றினார், குப்பியைத் தொடாமல்.
சற்று நேரத்தில் இன்னொன்று.
திரையில் பன்னிரண்டை அழுத்தினால் சிவப்புதான் வந்தது.
அவர் விரல் பட்டியலில் இறங்கி, இறங்கி,
நாற்பத்தொன்றில் நின்றது.
இரண்டு தட்டு.
பச்சை.

கணக்கு சரி. யாருக்கும் மூன்றுக்கு மேல் போகவில்லை.
போகிற போக்கில் நாற்பத்தொன்றிடம்
பாஸை இன்னொரு முறை காட்டச் சொன்னார்.
காட்டினார் அண்ணன்.

அவர் தர வந்ததைத்தான் எடுத்தார்கள்.
தந்தார் என்பது மட்டும்
எடுத்தவருக்குத் தெரியாது.

நான்கு மணிக்கு கேட்டிலிருந்து போன்.
"நாற்பத்தொன்று, மூன்று என்று காட்டுகிறது. ஆள் நிதானமா?"
ஒன்று என்று சொல்லலாம்.
சொன்னால், மீதி இரண்டு யாருடையது என்பார்கள்.
விசா மார்ச் வரைக்கும்தான்.
கண்ணாடிக்கு அப்பால், தரையின் மஞ்சள் கோட்டின் மேல்
கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தார்.
"நிதானம்" என்றேன்.
"மூன்றுக்கா?"
"மூன்றுக்கும்."

பன்னிரண்டு வாய் திறந்து தூங்குகிறது.
தொடக்கூடாது.
மூன்று முறை சார் என்று கூப்பிட வேண்டும்,
முறைக்கு முறை சற்று உரக்க.

காலர் அட்டையைப் பற்றி
அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.