ஏழாம் வரிசை, பதினான்காவது மரம்

உறை நனைந்து வந்தது.
உள்ளே லாட்விய நாளிதழ் ஒன்றில் மடித்த ஆறு இலைகள்,
ஒரு மதுப்புட்டியிலிருந்து உரித்த லேபிள்,
குல்டீகாவுக்கு அப்பால் பண்ணை வைத்திருக்கும்
வால்ஃப்ரீட்ஸின் கடிதம்:
"என் ஆப்பிள் பெலேகைஸ் ஸ்வான்ஸ் இல்லை என்கிறான்
ரீகாவில் என் சரக்கை எடுப்பவன்.
உங்களிடம் இலை பேசுமாமே.
கேட்டுச் சொல்லுங்கள்."

பெலேகைஸ் ஸ்வான்ஸ் என்றால் சாம்பல் மணி.
இலை பேசாது.
உறைய வைத்து உரலில் இடித்தால்
பச்சை மாவாகும், அவ்வளவுதான்.
கழுவி, வடித்து, சுழற்றி
அதிலிருந்து ஓர் இழையைப் பிரித்து
பன்னிரண்டு இடங்களில் அளக்கிறோம்.
நெட்டுருப் போடும் பிள்ளை போல
இரண்டே எழுத்தை அந்த இழை
திரும்பத் திரும்பச் சொல்கிற இடங்கள் அவை.
எத்தனை முறை சொல்கிறது என்பதுதான் கணக்கு.
பூக்கக் காத்திருக்க வேண்டாம்.
காயைக் கடித்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஒப்பிட எங்களிடம் ஒரு மரம் உண்டு:
ஏழாம் வரிசை, பதினான்காவது.
பதிவேடு, எண், தகரத் தகடு
எல்லாம் சரியாக உள்ள மரம்.
அதற்கு இடத்துக்கு இரண்டு எண்,
தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று.
வால்ஃப்ரீட்ஸின் இலையிலோ
எட்டு இடங்களில் மூன்று மூன்று.
ஆப்பிளில் அப்படியும் உண்டு;
பெற்றவர்களில் யாரோ ஒருவர்
இரண்டு பங்கு கொடுத்துவிடுவார்.

பொருந்தவில்லை
என்று ஒரே வரி தட்டினேன்.
ஸிகுர்ட்ஸ் கையெழுத்துப் போட்டார்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் தபால் போயிற்று.

அக்டோபரில் மேலும் இலைகள் வந்தன.
மூடிய ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து ஒன்று,
ஒரு பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒன்று,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்
கூடையில் வைத்துக் கொண்டுவந்த கிளை.
எல்லாரும் அதே பெயரைச் சொன்னார்கள்.
எல்லாவற்றிலும் அதே மூன்று மூன்று.

ஒருவர் தப்பாகச் சொல்லலாம்.
ஒருவரை ஒருவர் அறியாத நான்கு பேர்
ஒரே தப்பை எப்படிச் சொல்வார்கள்?

ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
பழைய பதிவேட்டோடு தோட்டத்தில் நடந்தேன்.
உதிர்ந்த பழங்களில் காகங்கள்.
நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தில்
கடுங்குளிருக்குப் பின் வந்த வசந்தம்,
மூலையில் பென்சில் எழுத்து:
"ஒன்பதாவது செத்தது. நகர்த்தினோம்."
எதை என்று இல்லை.
மரத்தையா, தகட்டையா?

பதின்மூன்றை அரைத்தோம். இல்லை.
பதினைந்தை அரைத்தோம்.
திரையில் மூன்று சிகரங்கள் எழுந்தன,
மறுபடி மூன்று, மறுபடி.
ஸிகுர்ட்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்;
அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஆறு தப்படி தூரத்தில்
அடுத்தவர் பெயரில் காய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
ஒன்பதிலிருந்து வரிசைக் கடைசி வரை
யாரும் நினைத்துச் செய்யாத ஆள்மாறாட்டம்.
பதினான்காவதின் புளிப்பை அளந்து,
சொறிநோயை அது தாங்குவதை வியந்து
ஐந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன.
ஒன்று என்னுடையது.

வால்ஃப்ரீட்ஸைத் தொலைபேசியில் அழைத்தேன்.
ஆயிரத்து இருநூறு புட்டிகளின் லேபிளை
வெந்நீரில் ஊறவைத்து
கையால் உரித்துவிட்டாராம்.
மன்னிப்புக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் அவர் பக்கம்
ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.
பிறகு கேட்டார்:
"அப்போ உங்க மரம்? அது யாரு?"

தெரியவில்லை.
எங்கள் பட்டியலில் உள்ள எதோடும்
அந்த எண்கள் சேரவில்லை.

தகட்டைக் கழற்றப் போனேன்.
கட்டியிருந்த கம்பியைப் பட்டை விழுங்கியிருந்தது.
இடுக்கியால் இழுத்தேன்,
தோல் கிழிந்து ஈரம் கசிந்தது.
விட்டுவிட்டேன்.

இப்போது அதில் இரண்டு தகடுகள்.
புதியதில் எண் மட்டும்.