பன்னிரண்டு மில்லிமீட்டர்

இந்த ஊரின் பாதி மூக்குகள் எனக்குத் தெரியும்.
எது வளைந்தது, எதில் ஃபிரேம் வழுக்கும்,
எந்தக் காது மற்றதைவிட ஒரு நெல் உயரம்.
குன்னூர் மவுண்ட் ரோட்டில் இருபத்தாறு வருஷமாக
முகங்களைத் தொட்டுத்தான் சம்பாதிக்கிறேன்.

ஜனவரி. புல்லில் உறைபனி இறங்கப்போகும் மாலை.
பெட்ஃபோர்டு பங்களாவில்
ஃப்ரெனி மேடத்துக்கு எழுபதாவது பிறந்தநாள்.
என்னையும் அழைத்திருந்தார்.
கண்புரை எடுத்தபிறகு நான் போட்டுத்தந்த கண்ணாடியில்தான்
எதிர்ச்சரிவுத் தேயிலை
தனித்தனிச் செடியாகத் தெரிகிறதாம்.

ஓரமாக நின்று பார்த்தேன்.
வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தை நீட்டுகிறார்கள்.
கன்னம் கன்னத்தைத் தொடுவதில்லை.
உதடு குவிந்து "ம்வா" என்கிறது,
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.
கோயம்புத்தூர்க்காரர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள
பம்பாயிலிருந்து வந்த பெண்
இரண்டாவதற்காகக் கழுத்தை நீட்டியபடி நிற்கிறாள்.

சமவெளியில் இது தெரியாமலே போயிருக்கும்.
இங்கே குளிர்.
காற்றுக்குக் கொடுத்த முத்தத்துக்கு உடம்பு உண்டு:
வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை
காதோரம் மிதந்து
தோடு, தோள், சால்வை எல்லாம் தாண்டி
யாருக்கும் சொந்தமில்லாமல் கரைகிறது.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
பன்னிரண்டு மில்லிமீட்டர் விடவேண்டும்.
கிட்டே போனால் இமை உரசும்.
தள்ளிப்போனால் பவர் மாறும்.
இவர்களும் ஏறத்தாழ அதைத்தான் விடுகிறார்கள்.

என் முறை வந்தது.
"ஆலன்!" என்று இரு கையும் விரித்து
முன்னால் சாய்ந்தார்.
நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று
இப்போது தெரிகிறது.
அப்போது என் கழுத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
எங்கள் ஹட்டியில் மூத்தவர் எதிரே வந்தால்
அது செய்வது.
குனிந்தது.

வழுக்கையின் நட்டநடுவில்
முழுசாக, சத்தத்தோடு
வந்து விழுந்தது முத்தம்.

யாரோ சிரித்தார்கள்.
அவர் நிமிரவில்லை.
எண்ணினால் நான்கு நொடி இருக்கும்.
எங்கள் வழக்கப்படி தலையில் கை வைக்கவேண்டியவர்
வாயை வைத்துவிட்டு
எடுக்கத் தெரியாமல் நின்றார்.
பிறகு, "கேக் சாப்பிடுங்கள்" என்றார்.

சாப்பிட்டேன். பிளம் கேக்.

வீட்டில் மாதி என் குல்லாயைக் கழற்றி
"இதென்ன செவப்பு?" என்றாள்.
சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.
தேங்காயெண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால்
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே
அழுத்தித் துடைத்தாள்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார் மேடம்.
இடது காதில் தளர்ந்திருக்கிறதாம்.
சரியாகத்தான் இருந்தது.
திருகாணியைத் தளர்த்தினேன், மறுபடி முடுக்கினேன்,
முகத்தில் மாட்டி
இரண்டு காதுக்குப் பின்னாலும் விரல் வைத்து
சும்மா இருந்ததையே
கொஞ்ச நேரம் சரிபார்த்தேன்.
யார் மூச்சோ, கண்ணாடி மங்கியது.

"இப்போ சரியா மேடம்?"

"இரு, இன்னும் கண்ணைத் திறக்கவில்லை" என்றார்.