பட்டியலில் விட்டுப்போனவை

வாஷிங் மெஷின் எனக்கு, பிரிட்ஜ் அவனுக்கு,
இரண்டு பேரும் வேண்டாமென்ற டைனிங் டேபிள்
எதிர்வீட்டு மஞ்சுளாவுக்கு.
நாற்பத்து மூன்று வரிகள்.
சித்தையா சாலை நீதிமன்றத்தில்
வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

பிரிட்ஜைக் காலி செய்தபோது
காய்கறி டிரேக்குப் பின்னாலிருந்து உருண்டது பாட்டில்.
நியூரம்பெர்க் கண்காட்சிக்குப் போனவன்
சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த கருப்பு பியர்.
லேபிளில் ஓர் ஆட்டுக்கடா
முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
நல்ல நாளுக்கு என்று வைத்தோம்.
மூன்று வருஷத்தில் நல்ல நாளே வரவில்லை என்றில்லை,
வந்த நாள்களில் இது ஞாபகம் வரவில்லை.
காலாவதியாகிப் பதினோரு மாதம்.

சுருட்டு என்னுடையது.
திண்டுக்கல் கிடங்கு ஒன்றில்
கணக்கில் யார் சுருட்டினார்கள் என்று பார்க்கப் போனவளுக்கு
மேலாளர் சுருட்டே கொடுத்தார், நாலு, நூல் கட்டி.
'வீட்டுக்காரருக்கு, மேடம்.'
மூன்றை நானேதான் குடித்தேன்,
ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்று இரவும்
இந்த பால்கனியில், வீட்டுக்காரர் தூங்கிய பிறகு.

ஓப்பனர் லாரியில் ஏறிவிட்டது.
பரிதி கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி மூடியைப் பெயர்த்தான்,
பெயின்ட் ஒரு சில்லு உதிர்ந்தது.
'அட்வான்ஸில் பிடிப்பார்கள்' என்றேன்.
'பாதிதானே உனக்கு' என்றான்.
பூஜை அலமாரியில் மறந்துபோன தீப்பெட்டி.
பல் துலக்கும் குவளைகள் இரண்டு.

முதலில் பியர் மட்டும்.
பாகு கருகுவதற்கு ஒரு விநாடி முன்
அடுப்பை அணைத்த மாதிரி இனிப்பு.
'கஷாயத்தில் கருப்பட்டி' என்று முகம் சுளித்தான்.
பிறகு சுருட்டு மட்டும்.
மிளகு, புதுச் செருப்பு, நாக்கு நுனியில் ஊசி ஊசியாய்.
அவனுக்கு இருமல்.
என் கை பழகிய கை என்பதைப் பார்த்துவிட்டான்.
எதுவும் கேட்கவில்லை.

புகையை விட்டு, அது வாயைவிட்டுப் போவதற்குள்
ஒரு மடக்கு.

சொல்லத் தெரியவில்லை.
இனிப்பு காரத்தைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தது.
காரம் இனிப்பின் பிசுபிசுப்பைத் துடைத்துவிட்டது.
நடுவே, இரண்டிலுமே இல்லாத ஒன்று,
வறுத்த கடலைத்தோலா, சுட்ட பூவன்பழமா,
வந்து, பெயர் கேட்பதற்குள் போய்விட்டது.
அவனுக்கும் வந்ததா?
புருவத்தைப் பார்த்தேன். வந்திருந்தது.

பத்துக்கு எட்டுப் பொருத்தம் எங்களுக்கு.
ரஜ்ஜு சரி, வசியம் சரி,
சிவப்பு மையில் டிக் போட்ட தாள்
எந்த அட்டைப்பெட்டியில் போனதோ.

'ஒருவேளை நாம...' என்று ஆரம்பித்தான்.
'சாம்பலைத் தட்டாதே' என்றேன்.
'தானா விழும்.'

கீழே கஸ்தூரி நகரின் ஆட்டோக்கள்.
பென்னிகானஹள்ளிப் பக்கம் மெட்ரோ
ஜன்னல் ஜன்னலாய் வெளிச்சத்தை இழுத்துப்போனது.
மேகம் மட்டும் கூடி, மழையில்லை.

சுருட்டு பாதி எரிவதற்குள் பியர் தீர்ந்தது.
தணிக்கைக்காரி நான்,
அரை லிட்டர் எத்தனை இழுப்புக்கு வருமென்று
தொடங்கும்போதே வகுத்திருக்க வேண்டும்.
மிச்சம் வெறும் காரம்.
அதையும் மாற்றி மாற்றித்தான் குடித்தோம்,
விரல் சுடும்வரை.

என் டாக்சி முதலில் வந்தது.
காலி பாட்டில் யாருக்கு என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹெப்பால் மேம்பாலத்தில் டிரைவர் மூக்கை உறிஞ்சி
கண்ணாடியை இறக்கினார்.
'சிகரெட்டா, மேடம்?'
'இல்லை' என்றேன்.
பொய் இல்லையே.