எண் பதினாலு

மனித இயக்கம், உடற்பயிற்சி மற்றும் நலவியல் துறை.
பலகையில் இடம் பற்றாமல்
நலவியல் மட்டும் கீழ்வரிக்கு இறங்கியிருக்கும்.
உள்ளே எட்டுக் காமிரா.
தரையில் பதித்த ஒரு தட்டு:
கால் வைத்தால்
பூமி உன்னை எவ்வளவு திருப்பித் தள்ளுகிறது என்று சொல்லும்.
மூன்று வருடமாக நான் இங்கே
அடுத்தவர் முழங்காலில்
மினுங்கும் பொட்டு ஒட்டுகிறேன்.

தறி ஓடாத ஞாயிறு
சோமனூரிலிருந்து சென்னியப்பன் வந்தார்.
சலவை வேட்டி. பஸ் டிக்கெட்டைக் கசங்காமல்
சட்டைப்பையில் வைத்திருந்தார்,
பயணப்படி தருவோம் என்றிருந்தோம்.
எங்களுக்கு வேண்டியது
நாற்பது தாண்டிய, சீக்கில்லாத,
உடற்பயிற்சி செய்யாத ஆண்கள் முப்பது பேர்.
இவர் பதினாலு.

கேள்வி ஏழு. வாரம் எத்தனை நாள் உடற்பயிற்சி?
"அதெல்லாம் ஏதுங்க நமக்கு."
சுழியம் போட்டேன்.
பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை.
உதட்டைப் பார்த்தே பதில் சொன்னார்.
காதுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

பத்து மீட்டர் நேராக நடங்க என்றேன்.
ஆறாவது எட்டில் திரும்பிவிட்டார்.
"தப்பாப் போச்சுங்களா?"
மறுபடி நடந்தார்.
மறுபடி ஆறில்.

இடுப்பில் ஒரு கருவி கட்டி அனுப்பினோம்.
பிஸ்கட் கவரில் சுற்றித் திரும்பி வந்தது,
ஒரு வாரக் கணக்கோடு.
ஒரு ராத்திரிக்கு
எண்பத்தோராயிரத்துச் சொச்சம் அடி.
எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
"யாரும்மா இவரு, காட்டெருமையா?"

கருவி கெட்டிருக்கும் என்று
அதை என் இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன்.
எட்டுத் தறி. நடுவே சந்து.
அளந்தேன்: ஆறு எட்டு.
பத்து நிமிடம் தூணோரம் அசையாமல் நின்றேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி
நடந்துவிட்டதாகச் சொன்னது கருவி.
நான் நின்றேன்,
தரைதான் நடந்தது.

அப்புறம் கண்ணாலேயே எண்ணினேன்,
உள்ளங்கையில் பேனாவால் நூறு நூறாகக் கோடு.
தார் மாற்ற, அறுந்த பாவை முடிய,
நாடா சிக்கிய தறிக்கு ஓட,
இவர் நடக்கிறாரா
தறி இவரை நடத்துகிறதா என்று
பிரித்து எழுத முடியவில்லை.
மணிக்கட்டுவரை கோடு ஏறிவிட்டது.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
எட்டும் ஒரே நொடியில் நின்றன.
சோமனூரே நின்றது.
கருவியும் நின்றது.
டார்ச் வெளிச்சத்தில்
அவர் தோள் மட்டும்
இன்னும் கொஞ்சம் ஓடி
மெல்ல நின்றது.
அந்த அமைதியில், பழக்கம் விடாமல்,
தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:
"கரண்ட் வர்றதுக்குள்ளாற செத்த உக்காரு கண்ணு!"

"இரைச்சல்" என்றார் எஸ்தர் மேடம்.
திட்டவில்லை. எங்கள் துறையில் அது ஒரு கலைச்சொல்.
பதினாலு நீக்கப்பட்டது.
பீளமேட்டு வங்கிக் காசாளர் ஒருவர் அந்த எண்ணில் உட்கார்ந்தார்.
சராசரி நாலாயிரத்து எண்ணூற்று ஆறு.
கட்டுரை ஏற்கப்பட்டது. கேக் வெட்டினோம்.

நீக்கியவருக்குப் பயணப்படி கிடையாது என்றார்கள் கணக்குப் பிரிவில்.
என் போனிலிருந்து
அறுபத்திரண்டு ரூபாய் அனுப்பினேன்.
ராத்திரி அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது,
நாற்பது நொடி.

காமிராக்களை அணைத்துவிட்டு
ஆய்வக ஸ்பீக்கரில் போட்டேன்.
தறி. தறி. தறி.
அதற்குள் எங்கேயோ அவர் பேசிக்கொண்டிருந்தார்.
மூன்று முறை கேட்டேன்.
பார்க்க
உதடு இல்லை.