இடது ஓரத்துக் கோடு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
கல்லூரி கேட்டுக்கு நேர் எதிரே
ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒன்பதாவது வருஷம்.
மிஷின் டிரம்மில் ஒரு கீறல்.
எதை நகலெடுத்தாலும் இடது ஓரத்தில்
மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு விழும்.
மாற்றப் பன்னிரண்டாயிரம் என்கிறார் மெக்கானிக்.
கோட்டோடு கொடு, கூட்டம் குறையலையே
என்கிறார் முதலாளி.

செமஸ்டர் வந்தால் எங்களுக்குத் தீபாவளி.
"அக்கா, மைக்ரோ."
அவ்வளவுதான் சொல்வார்கள்,
மருந்துக் கடையில் எதையோ கேட்கிற குரலில்.
பாதியாக்கி, அதைப் பாதியாக்கி,
அதையும் பாதியாக்கி
ஒரு யூனிட் முழுவதையும்
பஸ் டிக்கெட் அகலத்துக்கு இறக்குவேன்.
வெட்டுவதும் நான்தான்.
வரி அறுபடாமல் வெட்ட
வரியைப் படித்தாக வேண்டும்.
தேய்மானம், நற்பெயர் மதிப்பு,
பங்கு ஒறுப்பிழப்பு...
கத்தரியோடு உள்ளே போனது
அப்புறம் வெளியே வரவேயில்லை.

கார்த்திகையில் ஒருநாள்
முதல்வர் அறையிலிருந்து பியூன் சாத்தையா வந்தார்.
அறிவிப்பு, நாற்பது காப்பி.
தேர்வில் முறைகேடு செய்தால் மூன்று பருவம் தடை.
நேர்மையே நம் அடையாளம்.
எடுத்துக் கொடுத்தேன்.
நேர்மைக்கு இடப்பக்கம் கோடு.
டிரம் சூடு ஆறவில்லை,
பின்னால் நின்ற பையன், "அக்கா, மைக்ரோ."
சாத்தையா திரும்பிப் பார்த்தார்.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே
ரோட்டைக் கடந்தார்.

நானும் தொலைதூரக் கல்வியில் பி.காம்.
கடையில் யாருக்கும் சொல்லவில்லை.
ஹால் டிக்கெட்டை என் மிஷினிலேயே எடுத்தேன்.
என் போட்டோவில்
இடது காதை அறுத்துக்கொண்டு ஓடியது கோடு.

தேர்வு அதே கல்லூரியின் பழைய கட்டடத்தில்.
தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்.
எனக்கு முன்னால் சேவுகன்.
நேற்று வாங்கியதில் நாலு ரூபாய் பாக்கி.
பத்தேமுக்காலுக்கு அவன் சட்டைக் கையிலிருந்து
ஒரு துண்டு உதிர்ந்தது.
பூப்போட்ட தரையில் பூவோடு பூவாய்க் கிடந்ததை
கண்காணிப்பாளர் மேடம் இரண்டு தடவை தாண்டிப் போனார்.
மின்விசிறிக் காற்று அதை
என் செருப்போரம் கொண்டுவந்து சேர்த்தது.

மேடம் குனிந்தார்.
துண்டை என் ஹால் டிக்கெட் பக்கத்தில் வைத்தார்.
இரண்டிலும் ஒரே கோடு.
"என்னம்மா இது?"
"பேப்பர் என்னோடது இல்ல மேடம்.
கோடு என்னோடது."
புரியவில்லை அவருக்கு.
எழுபது பேரும் நிமிர்ந்துவிட்டார்கள்.
"இதுல என்ன இருக்கு, தெரியுமா?"
தெரியும். அதுதான் வினை.
அழைப்புத் தொகை கட்டாத பங்குதாரருக்கு
முதலில் அறிவிப்பு, பிறகு தீர்மானம்,
கட்டிய பணம் திரும்பாது,
மறுவெளியீட்டில் மிஞ்சுவது மூலதனக் காப்புக்கு...
கடைசி வரிவரை ஒப்பித்தேன்.
ஒப்பிக்க ஒப்பிக்க
என் கழுத்துக்கு நானே சுருக்குப் போடுவது தெரிந்தது.

மேடத்தின் பேனா
புகார்ப் படிவத்துக்கு மேலே நின்றது.
"இவ்வளவும் மனப்பாடம்னா
உனக்கு எதுக்கு பிட்டு?"
பதில் சொல்ல வாய் வரவில்லை.
முன்னால் ஒரு நாற்காலி
தரையில் உரசி நகர்ந்தது.

மீதி நேரம் எழுதினேன்.
ஒறுப்பிழப்பு பதினைந்து மார்க்.
அதைப் படித்தேனா, வெட்டினேனா
என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் "அக்கா, மைக்ரோ" என்றவனிடம்
நூறு சதவீதம்தான் போடுவேன் என்றேன்.
சிரித்தான்.
நாலு கடை தள்ளி புது மிஷின்,
கோடே விழாது, அங்கே போய்விட்டான்.
முதலாளி இரண்டு நாள் பேசவில்லை,
மூன்றாம் நாள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்.

போன திங்கள் சேவுகன் வந்தான்.
கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்தான்.
முதல்வருக்கு எழுதிய கடிதம், இரண்டு பக்கம்,
எதையும் மறைக்காத கையெழுத்து.
"ஒரு காப்பி. முழு சைஸ்."
எடுத்தேன்.
பழைய நாலு ரூபாயையும் சேர்த்து வைத்துவிட்டு
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"இந்தக் கோடு போகாதாக்கா?"
"டிரம் மாத்தணும்டா," என்றேன்.
"பன்னிரண்டாயிரம்."