பின்கதவால் போகிறவன்

கண்டியில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
கேட்கிறார்கள்.
அட்டனிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்,
ஆஸ்பத்திரிக்கு வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்,
என் மச்சான் ஜெகதீஸ், வாரத்துக்கு இரண்டு தடவை.

நான் ஃபிரிஜ் திருத்துகிறவன்.
கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய
ரோல்ஸையும் மாலுபணிஸையும் நீங்கள் பார்ப்பீர்கள்.
நான் பின்கதவால் போய்
முட்டி மடித்துக் குந்தி
கதவோரத்து ரப்பர் பட்டியை விரலால் தடவுவேன்.
பிறகு அந்த விரலை
எதில் துடைப்பது என்று தேடுவேன்.

சிலதைச் சொல்லமாட்டேன். தொழில் தர்மம்.
பேராதனை வீதியில் ஏசி போட்ட ஒரு மாடிக்கடை,
பெயர் வேண்டாம்,
வேலை முடிந்ததும் பிரியாணி தந்தார்கள், சும்மா.
பார்சலாகவே தாருங்கள் என்றேன்.
அன்று குட்ஷெட்டில் ஒரு நாய்க்குப் பெருநாள்.

சொல்லக்கூடியது என்றால்
மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் அஸ்வர் நானாவின் கொத்து.
எட்டரைக்குப் பிறகு போங்கள்.
அதற்கு முன் தட்டுகிற பையனுக்குத் தாளம் உண்டு,
உப்புக் கை கிடையாது.

கட்டுகலையில் நடேசு முதலாளியின் சைவக்கடை.
சம்பல் இரண்டாம் தரம் கேட்டால் முறைப்பார்.
மூன்றாம் தரம் கேட்டால் சிரித்துவிடுவார்.
மூன்றாம் தரம் கேளுங்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் பியசீலி அக்கா.
அவர் சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் சொல்வேன்,
நான் சொன்னதும் வராது, அவர் கேட்டதும் வராது,
பிஞ்சுப் பலாக்காய்க் கறி வரும்.
இதுவரை ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஆனால் நான் சாப்பிடுவது
மஹியாவை ஏற்றத்தில், உம்மு சல்மா ராத்தாவிடம்.
கடை என்று சொல்ல
ஒரு மேசை, இரண்டு வாங்கு,
மழை பிடித்தால் பேச்சையெல்லாம் தின்றுவிடும் தகரக் கூரை.
இடியப்பம், சொதி, அன்றைக்கு வந்த மீன்.
ஒரு மணிக்குப் போனால்
"முடிஞ்சி மகன்" என்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார்.
ஃபிரிஜ் கிடையாது.
அந்தக் கடைக்குப் பின்கதவும் கிடையாது.
டூல்ஸ் பெட்டியை வாங்குக்கு அடியில் தள்ளிவிட்டு
மற்றவர்கள் மாதிரி உட்கார்ந்து
மற்றவர்கள் மாதிரி பசித்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன்.
மருமகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பினாராம்.
ரெண்டு கதவு ஃபிரிஜ், பாவித்ததுதான்,
"ஆனா புதுசு மாதிரி மகன்,
ராவைக்கும் கடை தொறக்க ஏலும்,
கொஞ்சம் சத்தம் போடுது, வந்து பாருங்கொ."
குரலில் ஒரு மினுக்கம்.
நாளைக்கு வருகிறேன் என்றேன்.
புதனும் சொன்னேன்.
வியாழன் வேறு ரோட்டால் சுற்றிப் போய்
பஸ் நிலையத்தில் நின்றபடி ஒரு கட்லட்டை விழுங்கினேன்.
எண்ணெய் நேற்றையது.
தெரிந்துதான் தின்றேன்.

வெள்ளி பின்னேரம் போனேன்.
ஒரு வாங்கைக் காணவில்லை.
அது இருந்த இடத்தில் ஃபிரிஜ்,
மேலே பிளாஸ்டிக் ரோஜா,
கீழே ஒரு காலுக்கு மடித்த கடதாசி.
மற்ற வாங்கில் வேறு யாரோ மூன்று பேர்.
குந்தி, கதவைத் திறந்து, பட்டியைத் தடவினேன்.
விரலில் சவர்க்கார வாசம்.
உள்ளே
ஒரு போத்தல் தண்ணீர்,
மூடி போட்ட கிண்ணத்தில் வட்டிலப்பம்.
"மூணு நாளா உங்களுக்குத்தான் வச்சிருக்கிறேன்.
பழுதாகல்ல பாருங்கொ!"

பழுதாகவில்லை.
சத்தம் என்பது ஒரு தளர்ந்த ஆணி, ஐந்து நிமிஷ வேலை.
அதைப் பிறகு செய்வோம் என்று
டூல்ஸ் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்தேன்,
கரண்டிக்குக் கை நீட்டி.