காரணம்: தண்ணீர்

தலைமையாசிரியர் கடிதம் இல்லாமல்
சாவி யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி.
தலைமையாசிரியர் பாளையங்கோட்டையில்.
செல்போன் டவர் செத்துவிட்டது.
பாபநாசத்தில் திறந்துவிட்டார்கள் என்று
முக்கூடல் லாரிக்காரன் கத்திவிட்டுப் போன
ஒரு மணி நேரத்தில்
கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர்.

பதிவேட்டை எடுத்து எழுதினேன்:
இரவு 9.40. கேட் திறக்கப்பட்டது.
காரணம்: தண்ணீர்.
கீழே கையெழுத்து, அலுவலக உதவியாளர்.
எழுதிய பிறகுதான் பூட்டுக்குக் கை போனது.
இருபத்தாறு வருஷம் பழகிய கை.

வந்தார்கள்.
ஆடு, கோழிக்கூடு, பீடித்தட்டு.
இடுப்பில் பிள்ளை, கக்கத்தில் பாலிதீன் சுற்றிய
ரேஷன் கார்டும் பாஸ்புக்கும்.
எங்கே உட்கார என்று ஒருவரும் கேட்கவில்லை.
மேலத்தெரு மாடிக்கு ஏறிற்று.
கீழத்தெரு தரைத்தளம்.
காலனி ஆட்கள் சைக்கிள் ஷெட்டில்,
சாரல் அடிக்கிற பக்கமாக.
நான் சொல்லவில்லை. எவரும் சொல்லவில்லை.
எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பாடம் கிடையாது.
எல்லோரும் தேர்ச்சி.

கூட்டுறவு வங்கிச் செயலாளர் பிரம்மநாயகம்,
வயது ஐம்பத்து மூன்று,
எட்டு-பி கதவைத் தள்ளிக்கொண்டு போய்
ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.
"நம்ம இடம்வே" என்றார்.
பெஞ்சு போன வருஷம் வாங்கியது.

சத்துணவுக்கூடத்துச் சாவி என்னிடம் இல்லை.
இடுப்பளவு தண்ணீரில் சாவியோடு வந்தாள் லூர்து மேரி.
பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி கணக்கு.
பெரிய ஆளுக்கு?
எனக்குத் தெரியவில்லை. பிரம்மநாயகத்துக்கும் தெரியவில்லை.
"இன்னைக்கு எல்லாம் பிள்ளையதான்" என்று
அளந்தாள்,
படியின் தலையைத் தட்டித் தட்டி.
ஒரு பிடி கூடவில்லை.

பீடிக்கடை செக்கர் ஜமால் முகைதீன்
கட்டுக்கட்டாய்ப் பீடி கழிக்கிற அதே விரலால்
நெளிந்த தட்டுகளைக் கழித்து அடுக்கினார்.
வரிசை தானாக வந்தது.
பெண்கள் ஒன்று, ஆண்கள் ஒன்று,
ஒரு கை தூரம் விட்டு.
ஊர் முழுகிக்கொண்டிருந்தது;
முந்தாதே என்று ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொண்டோம்.

வரிசைக்கு மாடி தெரியாது.
ஷெட்டிலிருந்து வந்த செல்லக்கிளிக்குப் பின்னால்
மேலத்தெரு விசாலாட்சி.
மேரியின் கரண்டி ஒரே வேகத்தில் போனது.
சாப்பிட்டதும்
இவள் மாடிக்கு, அவள் ஷெட்டுக்கு.
தட்டுகள்தான் தொட்டியில்
கலந்து கிடந்தன விடியும்வரை.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.
மணிக்கட்டுக் கயிற்றின் சாயம் நனைந்து இறங்கி
உள்ளங்கை முழுக்க.
சுற்றறிக்கை வந்தபோது
வாசலில் நின்று அந்தக் கயிற்றை வெட்டியவன் நான்.
மறுநாளே வேறு கட்டிக்கொண்டு வந்தான்.
கத்தரிக்கோல் அலமாரியில் கிடக்கிறது,
இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் பதினேழு.
சோற்றுக்கு அந்தக் கையைத்தான் நீட்டினான்.

காலையில் மழை விட்டிருந்தது.
ஜமாத்திலிருந்து டிராக்டரில் இரண்டு தேக்சா கஞ்சி வந்தது.
ஒன்பது பத்துக்கு
என்னை அறியாமல் மணி அடித்துவிட்டேன்.

முந்நூறு பேரும் எழுந்தார்கள்.
வாயில் கஞ்சியோடு,
ஈரச்சேலையைப் பிழிந்த கையோடு.
பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
கொத்தனார் உச்சிமாகாளி சிரிக்கவில்லை.
எட்டாம் வகுப்போடு நின்றவர்.
தினமும் வெளியே நிறுத்தப்பட்டவர்.
மணி கேட்டதும்
வகுப்பைவிட்டு இறங்கி, வராந்தாத் தூணோரம்
கையைக் கட்டி நின்றிருந்தார்.
உள்ளே வாங்க என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.

மார்ச் மாதம் மேரிக்கு மெமோ வந்தது:
மாணவர் அல்லாதோருக்கு முப்பத்தொரு கிலோ
இருநூறு கிராம் அரிசி வழங்கியது ஏன்,
மூன்று நாளுக்குள் விளக்கம் தருக.
அவளுக்கு எழுத வராது. நான்தான் எழுதினேன்,
மார்ஜின் விட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு:

அன்றைய தினம் பள்ளி வருகை 312.

தூணோரம் நின்றவரையும் சேர்த்து.